பனியன் கம்பெனி ஆபீஸில் ஹெட்போன் ஆம்ப் எது வாங்கலாம்?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேனுங்க. எங்கள் ரூம் தையல் ஃப்ளோருக்கு மேல் மாடியில் இருக்கிறது, ஆறு பேர் உட்காருகிறோம். சிங்கப்பூரில் இருக்கும் மாமா பையன் தன்னுடைய சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். கம்பெனி லேப்டாப்பில் சொருகினால் வால்யூமை 100-ல் வைத்தும் சத்தம் பத்தவில்லை. சின்னதாக ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கி மேசையில் வைக்கலாம் என்று பார்க்கிறேன். டிஃபன் பாக்ஸ் வைக்கிற இடம்தான் இருக்கிறது. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது, ஆனால் 2000 மில்லிவாட் ஆம்ப் ஒன்று மனசில் நிற்கிறது, அதற்கு இ.எம்.ஐ. போட வேண்டிவரும். பையருடன் (சரக்கு வாங்குபவர்) கால் பேசவும் இதுவே உதவ வேண்டும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் தீபாவளிக்கு வருகிறார், அவரிடம் சொல்லி அங்கிருந்தே வாங்கி வரச் சொல்லலாமா?

பதில்:

தம்பி, முதலில் அந்த இ.எம்.ஐ. வேண்டாம். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஆம்ப் நல்ல பொருள்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் பிரச்சினையில் பாதிக்கு ஆம்ப் மருந்தே கிடையாது, மீதிப் பாதிக்கு அவ்வளவு பெரிய ஆம்ப் தேவையும் கிடையாது. நான் கோவையில் ஆடியோ சாதனங்கள் பழுது பார்க்கிற வேலையில் இருப்பவன். சத்தம் பத்தவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பதைத்தான், எந்த ஆம்ப் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். நீங்கள் அந்தப் பதிலைக் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். தையல் ஃப்ளோருக்கு மேல் மாடி, ஒரே ரூமில் ஆறு பேர். இது போதும் எனக்கு.

எச்டி 600 என்பது முதுகு திறந்த ஹெட்போன். 1997-ல் வந்த மாடல், இன்னமும் விற்பனையில் இருக்கிறது, ஒலிப்பதிவு வேலை செய்கிறவர்கள் பலர் இன்றைக்கும் அதை நம்பிக் கேட்கிறார்கள். அதன் வெளிப்பக்கம் முழுவதும் கம்பி வலை. உள்ளே இருக்கிற ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் எங்கேயும் அடைபடாமல் வெளியே போகட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பாட்டு காதுக்குள் நெருக்கியடிக்காமல் பரந்து கேட்பதற்கு அந்தத் திறப்பு ஒரு முக்கியக் காரணம். ஆனால் உள்ளே இருப்பது வெளியே போகிற வழியாக வெளியே இருப்பது உள்ளே வரத்தானே செய்யும். கீழே ஓவர்லாக்கும் ஃப்ளாட்லாக்கும் ஓடுகிற இரைச்சல், கம்ப்ரசர், எக்ஸாஸ்ட் ஃபேன், பக்கத்து மேசைக்காரர் நூல் மில்லுக்குப் போனில் போடுகிற சத்தம், எல்லாம் வடிகட்டாமல் உங்கள் காதுக்கு வரும். நீங்கள் கேட்கும் பாட்டும் மற்ற ஐந்து பேருக்குக் கேட்கும். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நண்பர் ஒருவரை அதை மாட்டச் சொல்லி, நீங்கள் வழக்கமாக வைக்கிற வால்யூமில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வரியே புரியும்.

இப்போது இங்கே ஒரு பெரிய ஆம்ப்பைக் கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். இரைச்சலுக்கு மேல் பாட்டு தெளிவாகக் கேட்கிறவரை குமிழைத் திருகுவீர்கள், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். சாயங்காலம் ஷிப்மென்ட் நெருக்கடியில் அதே வால்யூம் பழகிப்போய் இன்னும் கொஞ்சம் ஏற்றுவீர்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட வரையறைப்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை சரி. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் என்று வைத்திருக்கிறது, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கு என்கிறது. அதாவது 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம். ஷிப்மென்ட் நாட்களில் நீங்கள் ஒன்றரை ஷிஃப்ட்கூட உட்கார வேண்டிவரும். காதுக்கு இரைச்சல், பாட்டு என்ற பேதம் தெரியாது, கூட்டித்தான் கணக்கு வைக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனில் வருஷக்கணக்காக நின்ற பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். வீட்டுத் திண்ணையிலும் சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள், நாம் சொல்வதை நம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும், அந்த மனிதர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. உள்காதில் ஒலியை உணர்கிற அந்த நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது தம்பி, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, ஆம்ப் கணக்குக்கு வருவோம். எச்டி 600-க்கு மின்தடை 300 ஓம், 1 மில்லிவாட் கொடுத்தால் 97 டெசிபல் என்று தயாரித்தவர்களே குறித்திருக்கிறார்கள். 300 ஓமில் 1 மில்லிவாட் போக 0.55 வோல்ட் தேவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். 1 வோல்ட் கொடுத்தால் சுமார் 102 டெசிபல், 2 வோல்ட்டுக்கு 108. இவை பாட்டின் உச்சத்துக்கான கணக்கு. ஒரு பாட்டின் சராசரி சத்தம் உச்சத்தை விட 10 முதல் 20 டெசிபல் வரை கீழேதான் இருக்கும். இப்போது வரும் பாட்டுகளில் அந்த இடைவெளி குறைவு, நெருக்கிப் பிடித்து எல்லாவற்றையும் மேலேயே வைத்திருப்பார்கள். பழைய பதிவுகளில் இடைவெளி அதிகம்.

பல லேப்டாப்களில் ஹெட்போன் துளையில் வருவது 1 வோல்ட்டுக்கும் கீழேதான். உங்களுடையது அரை வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், உச்சம் 96 டெசிபல், எண்பதுகளின் பாட்டு ஒன்றைப் போட்டால் சராசரி 78 பக்கம் நிற்கும். வீட்டில் ராத்திரி கேட்டால் அது தாராளம். ஃப்ளோர் இரைச்சல் வலை வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கும்போது அதுவே பத்தவில்லை என்று தோன்றும். ஆக உங்கள் புகார் உண்மை, ஆனால் அதில் லேப்டாப்பின் பங்கு கொஞ்சம்தான்.

அந்த 2000 மில்லிவாட்டையும் பார்த்துவிடலாம். பெட்டியில் போடுகிற அந்த எண் பெரும்பாலும் 32 ஓம் ஹெட்போனுக்கு, அதுவும் பேலன்ஸ்டு துளையில் (இடது, வலது இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி வைத்து வோல்ட்டை ஏற்றித் தருகிற துளை). 32 ஓமில் 2 வாட் என்றால் 8 வோல்ட். அதே 8 வோல்ட்டை உங்கள் 300 ஓமுக்குக் கொடுத்தால் 213 மில்லிவாட்தான் போகும். அந்தக் குறைந்த அளவே எச்டி 600-ல் 120 டெசிபல். அவ்வளவை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தப் போகிறீர்கள்? நமக்கு வேண்டியது 2 வோல்ட், கொஞ்சம் கை இருப்பு வேண்டும் என்றால் 3. அதற்கு மேல் உள்ள பணமெல்லாம் குமிழ் திரும்பாத பகுதிக்குக் கொடுக்கிற பணம்.

வாட் பார்க்காமல் வோல்ட் பார் என்று நான் சொல்வது நம்மூர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். ஆயிரம் அடி போருக்கு மோட்டார் எடுக்கும்போது தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்றுதானே முதலில் கேட்போம், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்பது அடுத்த பேச்சு. 300 ஓம், 250 ஓம் ஹெட்போன்கள் ஆழமான போர் மாதிரி, அழுத்தம் கேட்கும், ஓட்டம் குறைவாகவே எடுக்கும். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ மாதிரி ஓம் குறைந்த, 91 டெசிபல் பிளேனர் ஹெட்போன்கள் (தட்டையான மெல்லிய சவ்வு அதிர்கிற வகை) கிணற்று மோட்டார் வகை, அழுத்தம் அதிகம் வேண்டாம், ஓட்டம் வேண்டும். பெரிய மில்லிவாட் எண்ணுக்கு அர்த்தம் இருப்பது அந்த வகையில்தான்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் லேப்டாப் எத்தனை வோல்ட் கொடுக்கிறது என்று நீங்களே அளந்துவிடலாம். கம்பெனியில் எலெக்ட்ரீஷியன் இருப்பார், அவரிடம் டெஸ்டர் இருக்கும். 60 ஹெர்ட்ஸ் டோன், முழு அளவில் பதிவானது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதைப் போட்டு வால்யூமை 100-ல் வையுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள ஒரு சாதாரண கேபிளை லேப்டாப்பில் சொருகி, மறுமுனைப் பின்னின் நுனியிலும் அடிப்பகுதியிலும் டெஸ்டரை ஏசி வோல்ட்டில் வைத்துத் தொடுங்கள். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். சாதாரண டெஸ்டர்கள் 50, 60 ஹெர்ட்ஸுக்குத்தான் சரியாகக் காட்டும், அதனால்தான் அந்த டோன். சில லேப்டாப்கள் ஹெட்போன் மாட்டியிருக்கிறதா, அதன் ஓம் எவ்வளவு என்று உணர்ந்து வோல்ட்டை மாற்றும், ஆகவே வருகிற எண்ணைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். 1 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் பிரச்சினை முழுக்க முழுக்க இரைச்சல்தான்.

இன்னொன்றும் பாருங்கள். ஸ்பாட்டிஃபை மாதிரி செயலிகளில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருகிற அமைப்பு ஒன்று இருக்கிறது, வழக்கமான நிலையில் அது -14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சராசரி சத்தத்தை அளக்கிற அலகு) என்ற அளவுக்கு இறக்கி வைக்கும். புதுப் பாட்டுகள் பல டெசிபல் குறைந்து வரும். கெட்டது இல்லை, நான் அதைப் போட்டேதான் கேட்கிறேன், பாட்டுக்குப் பாட்டு குமிழைத் தேட வேண்டாம். ஆனால் சத்தம் ஏன் குறைவு என்று தேடுகிறவர் அதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது என் தீர்ப்பு. எச்டி 600 வீட்டுக்குப் போகட்டும். ஆபீஸுக்கு முதுகு மூடிய ஹெட்போன் ஒன்று வாங்குங்கள், கூடவே யூஎஸ்பி-யில் சொருகுகிற 2 வோல்ட் டாங்கிள் ஒன்று. இந்த டாங்கிள்தான் ஆபீஸிலும் வீட்டிலும் உங்களுக்கு ஆம்ப். விரல் நீளம்தான் இருக்கும், டிஃபன் பாக்ஸ் இடம்கூட வேண்டாம். சிர்ரஸ் லாஜிக் சிஎஸ்43131 சிப் வைத்து வருகிற டாங்கிள்கள் பல கம்பெனிகளில் இருக்கின்றன, அந்தச் சிப்பே 2 வோல்ட் கொடுக்கும். மூன்டிராப் டான் ப்ரோ 3.5 துளையில் 2 வோல்ட், 4.4 பேலன்ஸ்டு துளையில் 4 வோல்ட் தரும். ஆப்பிளின் டைப்-சி டாங்கிள் சுத்தமான பொருள், விலையும் குறைவு, ஆனால் 1 வோல்ட்தான், ஐரோப்பாவுக்கென்று செய்வது அதிலும் பாதி. எச்டி 600-க்கு அது வீட்டில் போதும், எனக்கு இருப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நிம்மதி.

மூடிய ஹெட்போனில் ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ் 35 ஓம், 98 டெசிபல், எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபல். இவற்றுக்கு லேப்டாப்பின் அரை வோல்ட்டே 106, 107 டெசிபல் உச்சம் கொடுத்துவிடும், ஆம்ப் என்ற பேச்சே வராது. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ எனக்குப் பிடித்தது. வெல்வெட் மாதிரி மெத்தை, நம்ம ஊர் வெயிலில் ரெக்சின் மெத்தையை விட எவ்வளவோ மேல், வியர்வை நசநசக்காது. வெளிச் சத்தத்தைச் சுமார் 18 டெசிபல் தடுக்கும் என்று கம்பெனி குறிப்பு. அதில் 32, 80, 250 ஓம் என்று வகைகள் வந்திருக்கின்றன, கடைக்காரர் 250 ஓம்தான் ஸ்டூடியோ சரக்கு என்று தள்ளிவிடப் பார்ப்பார், நீங்கள் 80 ஓம் கேளுங்கள். எம்40எக்ஸும் டாங்கிளும் சேர்த்தால் உங்கள் 15,000-க்குள் பெரும்பாலும் அடங்கிவிடும், டிடி 770 என்றால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். காந்திபுரம் பக்கம் வந்தால் இசைக்கருவிக் கடைகளிலும் கேளுங்கள், மொபைல் கடைகளில் இந்தச் சரக்கு கிடைப்பது அபூர்வம். ஜிஎஸ்டி பில் இல்லாமல் எம்50எக்ஸ் மலிவாகக் கிடைத்தால் தொடாதீர்கள், அதில் போலி நிறைய ஓடுகிறது.

ஒரு மாற்று வழியும் உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. உங்கள் ரூமுக்கு வருவது கம்ப்ரசர், எக்ஸாஸ்ட், ஏசி மாதிரி விடாமல் ஒரே சீராக உறுமுகிற தாழ்ந்த சத்தம் என்றால், சாதாரண மூடிய ஹெட்போன் அதை அவ்வளவாகத் தடுக்காது. அந்த மாதிரி சத்தத்துக்கென்றே இருப்பது இரைச்சல் நீக்கும் ஹெட்போன், அதாவது ஏஎன்சி. வெளிச் சத்தத்தை மைக்கில் எடுத்து, எதிர்ச் சத்தம் உண்டாக்கி அழிக்கும். பேச்சுக் குரல், திடீர் சத்தங்களில் அது அவ்வளவு கெட்டி கிடையாது. உள்ளே சொந்த ஆம்ப் இருப்பதால் வெளி ஆம்ப் எதுவும் வேண்டாம், மைக்கும் கூடவே வரும். இசையின் தரத்தில் நான் அதை எச்டி 600 பக்கத்தில் வைக்கமாட்டேன். ஆனால் 65 டெசிபலில் நிம்மதியாகக் கேட்க முடிகிற ஹெட்போன், 85-க்கு ஏற்றிக் கேட்க வேண்டிய நல்ல ஹெட்போனை விட உங்களுக்கு நல்லது. நாளைக்கு ஒரு தடவை கண்ணை மூடி அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து, உங்கள் ரூமில் பேச்சு அதிகமா, உறுமல் அதிகமா என்று கவனியுங்கள். பேச்சு என்றால் மூடிய ஹெட்போன். உறுமல் என்றால் ஏஎன்சி. எதை மாட்டினாலும் ஃப்ளோருக்கு இறங்கும்போது கழற்றிவிடுங்கள், டிராலி தள்ளிக்கொண்டு வருகிறவர் குரல் கேட்காமல் போகக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் மேசைமேல் குமிழ் வைத்த பெட்டி ஒன்று வேண்டும் என்று மனசு சொன்னால், அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். மேனேஜர் வந்து நின்றதும், போன் அடித்ததும், திரையில் எதையும் தேடாமல் கையால் சட்டென்று இறக்க முடிகிற குமிழ் ஆபீஸில் பெரிய சௌகரியம். மேசை ஆம்ப் வாங்க எனக்குத் தெரிந்த மிக நேர்மையான காரணம் அதுதான். அப்படி என்றால் டாக்கும் (டிஜிட்டல் பாட்டை ஒலிக்கான மின்சாரமாக மாற்றுகிற பகுதி) ஆம்ப்பும் ஒன்றாக உள்ள, லேப்டாப் யூஎஸ்பி-யிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்கிற பெட்டியாகப் பாருங்கள். ஐஃபை ஜென் டாக் அந்த வகை, டைரி அளவுதான் இருக்கும், சாதாரணத் துளையிலேயே 3 வோல்ட் வரும். யூஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட் தரும், ஹெட்போனுக்கு அது ஏராளம்.

யூஎஸ்பி கரண்ட் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கட்டடம். கீழே தையல் மெஷின்களில் சர்வோ மோட்டார்கள், பக்கத்தில் ஜெனரேட்டர், யூபிஎஸ், எல்லாம் ஒரே லைனில். இந்த மோட்டார் டிரைவ்கள் லைனில் சுத்தமில்லாத மின் இரைச்சலை ஏற்றும். ஆம்ப்புக்குத் தனி அடாப்டர், லேப்டாப்புக்குத் தனி அடாப்டர் என்று இரண்டு வழியாக எர்த் சுற்று உண்டானால் ஹெட்போனில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வரும். சந்தேகம் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் கேளுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி எர்த்துதான், ஆம்ப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகினால் பல நேரம் சரியாகும். என்னிடம் பழுது என்று வருகிற ஆம்ப்களில் பலவற்றில் ஒரு கோளாறும் இருக்காது, இருந்த இடத்தின் எர்த்தில்தான் இருக்கும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ரீங்காரம் நிற்கிறது என்பதற்காக மூணு பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது. உயிருக்கு ஆபத்து.

ஆம்ப்பில் கெயின் ஸ்விட்ச் (எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று வைக்கிறது) இருந்தால் குறைந்த நிலையிலேயே வையுங்கள். அதிகக் கெயினில் குமிழைக் கடிகார முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நிற்கிற மாதிரி, தொடக்கத்திலேயே வைத்துக் கேட்க வேண்டிவரும், சாதாரண வால்யூம் குமிழ்கள் அந்தத் தொடக்கப் பகுதியில் இடது வலது சமமாக இருக்காது, பாட்டு ஒரு காதுப் பக்கம் சாயும். குமிழைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் ஹெட்போனைத் தலையில் மாட்ட வேண்டும், இதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வால்வு ஆம்ப் (பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாய் வைத்தது) ஆபீஸுக்கு வேண்டாம், சூடு.

எச்டி 600-ஐ எப்போதாவது ஆபீஸுக்குக் கொண்டுபோனால் இரண்டு விஷயம். அதன் கேபிள் 3 மீட்டர், சக்கர நாற்காலி ஏறி நசுக்கும், சுருட்டிக் கட்டிவையுங்கள். அப்புறம் பஞ்சு. நம்ம பனியன் கம்பெனி காற்றில் பறக்கிற பஞ்சு அந்த வலை வழியாக உள்ளே போய்ச் சேரும், உள்ளே அதிர்கிற சவ்வில் ஒரு நூல் இழை உட்கார்ந்தாலே குறிப்பிட்ட சுரங்களில் ‘கிர்’ என்று அதிரும். கேட்காத நேரத்தில் துணிப்பைக்குள் போட்டுவையுங்கள், உங்கள் ஊரில் துணிப்பைக்குப் பஞ்சமில்லை. உங்கள் கேபிளில் இருப்பது 6.35 பின் என்றால், அதை 3.5 ஆக்குகிற கட்டையான அடாப்டரை லேப்டாப்பில் நேராகச் சொருகவே கூடாது, ஒரு தட்டு பட்டால் லேப்டாப்பின் துளை உடைந்துவிடும், சாண் நீளக் கேபிளோடு வருகிற அடாப்டர் வாங்குங்கள்.

கம்பெனி லேப்டாப் என்கிறீர்கள், அதில் மென்பொருள் நிறுவ உங்களுக்கு அனுமதி இருக்காது. கவலை வேண்டாம், 2017-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பிலிருந்து இந்த மாதிரி டாங்கிள்களை இயக்குகிற யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது, சொருகினால் வேலை செய்யும். இருந்தாலும் சில கம்பெனிகள் யூஎஸ்பி துளைகளையே பூட்டி வைத்திருக்கும். வாங்கும் முன் ஐ.டி. ஆளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வேண்டுமானால் யாரிடமாவது ஒரு டாங்கிளை இரவல் வாங்கிச் சொருகிக் காட்டுங்கள்.

பையர் கால்களுக்கு: நான் சொன்ன மூடிய ஹெட்போன்களில் மைக் கிடையாது, ஜென் டாக் மாதிரி பெட்டிகளிலும் மைக் துளை இருக்காது. மீட்டிங் செயலியின் அமைப்பில் ஸ்பீக்கருக்கு டாங்கிளையும் மைக்குக்கு லேப்டாப்பையும் தேர்ந்தெடுத்தால் பேசலாம். ஆனால் உங்கள் ரூமில் லேப்டாப் மைக் பக்கத்து மேசைப் பேச்சையும் சேர்த்து அனுப்பும். ஒரு சட்டை மைக், யூஎஸ்பி-யில் சொருகுகிற வகை, வாய்க்குப் பக்கத்தில் குத்திக்கொண்டால் பையருக்கு உங்கள் குரல் மட்டும் தெளிவாகப் போகும். ஆம்ப்புக்கு வைத்திருந்த பணத்தில் இதற்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள், வேலைக்கு உதவுவது இதுதான்.

ஆம்ப் மாற்றினால் பாட்டு இனிமையாகுமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்த ஆசை தெரிகிறது. ஒழுங்காகச் செய்த, கரகரப்பில்லாத, வெளியீட்டுத் தடை (ஆம்ப்பின் துளைக்கே உள்ள ஓம்) குறைவான இரண்டு ஆம்ப்களைச் சத்தம் சமமாக வைத்துக் கண்ணை மூடிக் கேட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். சமம் என்றால் டெஸ்டர் வைத்து அளந்து சமம், கால் டெசிபல் கூட இருந்தாலே காது அதைத்தான் ‘தெளிவு’ என்று சொல்லும். கடையில் காட்டும்போது விலை கூடிய ஆம்ப் கொஞ்சம் சத்தமாக ஓடினால் போதும், நம் மனசு அதன் பக்கம் சாய்ந்துவிடும். 2011-ல் பெயர் சொல்லாத ஒரு எஞ்சினியர் ஆப்ஜெக்டிவ்2 என்ற ஹெட்போன் ஆம்ப்பின் வரைபடத்தை இணையத்தில் இலவசமாகவே போட்டார். உள்ளங்கை அகல போர்டு, எளிதில் கிடைக்கும் பாகங்கள். அளவீட்டில் அது பல மடங்கு விலையுள்ள ஆம்ப்களுக்கு ஈடுகொடுத்தது. அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் சுத்தமான ஆம்ப் செய்வது பெரிய ரகசியமாக இல்லை. ஹெட்போன் மாற்றினால் வித்தியாசம் மூச்சுவிடும் நேரத்தில் தெரியும், பணம் அங்கே போகட்டும்.

கடைசியாக அமெரிக்கச் சரக்கு. ஷீட் மேக்னி, ஜேடிஎஸ் லேப்ஸ் ஆட்டம் இரண்டுமே அங்கே மலிவு, நல்ல ஆம்ப்கள். ஆனால் அவற்றோடு வருகிற அடாப்டர் லேப்டாப் சார்ஜர் மாதிரி எல்லா ஊருக்கும் பொருந்துவதில்லை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஏசி அடாப்டர், அமெரிக்க விற்பனைக்கு வருவது அந்த ஊர் 120 வோல்ட்டுக்கு. நம்முடைய 230-ல் சொருகினால் அடாப்டர் கருகும், சில நேரம் ஆம்ப்பையும் சேர்த்துக் கொண்டுபோகும். கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 230 வோல்ட் அடாப்டர் என்று ஆர்டரிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள், பெட்டி வந்ததும் அடாப்டரின் அடியில் ‘இன்புட்’ என்று போட்டிருக்கிற எண்ணைப் படித்துவிட்டு அப்புறம் பிளக்கில் வையுங்கள். அந்த இரண்டுக்கும் தனியாக டாக் ஒன்று வேண்டும், கேபிள் கூடும், உங்கள் டிஃபன் பாக்ஸ் இடம் பத்தாது. அவரிடம் ஆம்ப் சொல்வதற்குப் பதிலாக எச்டி 600-க்குப் புது காது மெத்தை ஒரு ஜோடி வாங்கி வரச் சொல்லுங்கள். கைமாறி வந்த ஹெட்போன், மெத்தை அமுங்கியிருந்தால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் குறைந்து ஒலியே மாறியிருக்கும். புது மெத்தை மாட்டி ஒரு வாரம் வீட்டில் கேளுங்கள். டெஸ்டரில் எத்தனை வோல்ட் வந்தது, ரூமில் பேச்சு அதிகமா உறுமல் அதிகமா என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால், மூடியதா ஏஎன்சியா என்பதை மாடல் பெயரோடு சொல்லிவிடுகிறேன்.